சுடாத இருக்கையும் சுடும் இருக்கையும்

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு, காரின் இருக்கையைச் சூடேற்றவும் ஒரு கருவி உண்டு என்பதே வேடிக்கையாகத் தோன்றக்கூடும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் துண்டை விரித்தே அமர்பவர்கள் நாம். ஆயினும், கனடா போன்ற குளிர்நாடுகளில் பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்கிவரும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு அது அன்றாடப் பொருள். அதன் வரலாற்றோடு, அதன் பழுதைக் கண்டறியும் முறையையும் அறிந்துகொள்வது நலம்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மானியரான ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பதை 1840களின் தொடக்கத்தில் ஜூல் நிறுவினார். 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கல்-குரோமியக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். இம்மூன்றும் கூடியபின்னரே, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் பல்லார்டு 1951இல் சூடேறும் இருக்கைக்கு விண்ணப்பித்து 1955இல் காப்புரிமை பெற முடிந்தது. 1966இல் காடிலாக் கார்களில் விரும்புவோர்க்கு அது கிடைத்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே அதைப் பொருத்தி விற்றது.

இருக்கை சூடேறாவிட்டால் மின்சாரம் செல்லும் வழியே நாமும் செல்ல வேண்டும். முதலில் ஃபியூஸ், அடுத்து சுவிட்சும் ரிலேயும், பிறகு இருக்கையின் அடியிலுள்ள கனெக்டர். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவதால் அது தளர்வதுண்டு. கடைசியாகவே மெத்தைக்குள் உள்ள கம்பி. மல்டிமீட்டரில் சில ஓம் காட்டினால் கம்பி நலம். 12 வோல்ட்டில் 3 ஓம் எனில் 4 ஆம்பியர் ஓடும், 48 வாட் வெப்பம் பிறக்கும். எல்லையற்ற தடை காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. இருக்கையின்மேல் முழங்காலை ஊன்றுவது அதற்கு ஒரு காரணம். பக்கவாட்டு ஏர்பேக்கின் கம்பிகளும் அங்கேயே இருக்கக்கூடுமாதலால், தேர்ந்தவர் அன்றி வேறெவரும் அதில் கைவைத்தல் ஆகாது. ஃபியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரிய ஃபியூஸை இடுவதும் தகாது.

சுடாத இருக்கை வெறும் தொல்லை. அளவுமீறிச் சுடும் இருக்கையோ ஆபத்து. வெப்ப உணரி பழுதுபட்டால் சூடு தணியாது; கம்பி மடிந்து குவிந்த இடத்தில் வெப்பம் கூடும். 44 பாகை செல்சியஸ் வெப்பமே ஏறத்தாழ ஆறு மணிநேரத்தில் தோலைப் புண்ணாக்கும் என்றும், அதற்குமேல் வெப்பம் ஏற ஏற அந்நேரம் விரைந்து குறையும் என்றும் மோரிட்ஸ், ஹென்றிக்ஸ் ஆகிய இருவரின் ஆய்வு 1947இல் காட்டியது. உணர்வுள்ளவர் அதற்குமுன் விலகிவிடுவார். நீரிழிவால் நரம்பு மரத்தவரும் முதுகுத்தண்டில் அடிபட்டவரும் விலகமாட்டார்கள். அத்தகையோர் இவ்விருக்கைகளில் தீப்புண் பட்டதால், 2011இல் அமெரிக்காவில் பாதுகாப்பு ஆர்வலர்களும் மருத்துவர்களும் அரசிடம் கட்டுப்பாடு கோரினர்.

இதை விளங்கிக்கொள்வது நமக்கு எளிது. கோடைப் பகலில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றும் நீரிழிவாளர், பாதம் கொப்பளித்ததை வீடு திரும்பியபின்னரே காண்பதுண்டு. அத்தகைய பெரியவரை அயல்நாட்டுக்கு அனுப்பும்போது கம்பளி ஆடையோடு ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புவோம்: வண்டியில் ஏறியதும் அந்த சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் பழுதான கம்பியைக் காட்டும். மரத்த தோலைக் காட்டாது.