வாழைமர நோட்டுக்கு என்ன விலை?

மலேசியாவில் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு வாழைமர நோட்டைத் தெரியும். லயத்து வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில், பிறப்புப் பத்திரத்தோடு கிடக்கும். அதே நோட்டு இன்று இணைய ஏலத்தில் வருகிறது. ஒன்று சில ரிங்கிட்டுக்குப் போகிறது. பார்வைக்கு அதே போன்ற இன்னொன்று பல மடங்கு விலைக்குப் போகிறது. ஏன் என்று கேட்டால் ஜப்பான்காரன் காலத்துக்கே திரும்ப வேண்டும்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. புதிய அரசு தன் பெயரிலேயே நோட்டு அடித்தது. பத்து வெள்ளி (டாலர்) நோட்டில் குலை தள்ளிய வாழை இருந்ததால் எல்லா நோட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலாயாவுக்கான நோட்டில் ‘எம்’ என்ற எழுத்து, பர்மாவுக்கு ‘பி’.

முதலில் வந்த வெள்ளி நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எத்தனை அடித்தோம் என்று கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணம் அது. சந்தையில் அரிசி இல்லை, நோட்டு மட்டும் பெருகியது. கடைசியில் நூறு, ஆயிரம் வெள்ளி நோட்டுகளும் வந்தன. நூறு வெள்ளியில் ஒரு வகையில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களே படமாக நிற்கிறார்கள். 1945இல் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் திரும்பியதும் அத்தனையும் செல்லாமல் போயின. மூட்டை மூட்டையாகத் தங்கிவிட்டதால்தான் எண் இல்லாத நோட்டு இன்றும் மலிவு. எண் உள்ளதற்குப் போட்டி.

அடுத்தது நிலை. மடிப்பு, கறை, ஓட்டை எதுவுமில்லாமல் மொடமொடவென்று இருந்தால் விலை ஏறும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் 70 வரை மதிப்பெண் போட்டு உறையிலிட்டுத் தருகின்றன. ஜப்பானியத் தகர ரோபோ பொம்மைகளுக்கும் ஏலத்தில் இதே சட்டம்தான்: எந்தக் குழந்தையும் விளையாடாத, அட்டைப்பெட்டியோடு இருக்கும் பொம்மைக்கே கூட்டம்.

இதில் என் மனம் ஒப்பவில்லை. எங்கள் பாட்டி வைத்திருந்த பத்து வெள்ளி நான்காக மடித்தது, மடிப்பில் கிழிந்தது, எண் இல்லாதது. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குப் போகுமுன் அவருடைய அண்ணன் பாட்டியின் கையில் திணித்துவிட்டுப் போனது. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை, பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. ஏலக்காரர் அந்த மடிப்பைக் குறை என்று எழுதுவார். அந்த நோட்டு யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த மடிப்பை விட்டால் எங்களிடம் வேறு சாட்சி கிடையாது.

உங்கள் வீட்டிலும் இருந்தால் இஸ்திரி போடாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். எதற்கும் முன்னால் ஒரு தனித்தாளில் எழுதுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் கொடுத்தது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.