குடிகாரன்

'குடி'யோடு 'காரன்' சேர்ந்த சொல். காரன் வடமொழி 'கார'த்திலிருந்து வந்த விகுதி. செய்பவன், உடையவன் என்று பொருள். பால்காரனும் வண்டிக்காரனும் தொழிலை மாற்றினால் பெயரும் மாறிவிடும். குடிகாரனுக்கு அந்த வசதி இல்லை. குடியை விட்டுப் பத்து வருடமானாலும் தெருவுக்கு அவர் குடிகாரர்தான்; பிள்ளை 'குடிகாரன் பிள்ளை'. காய்ச்சல் கண்டவரை யாரும் காய்ச்சல்காரன் என்பதில்லை.

குடும்பம், குலம் என்று பொருள்படும் 'குடி' தனி. இரண்டையும் முடிச்சுப்போட்டுக் 'குடிமகன்' என்று நக்கலடிப்பது நம்மூர் வழக்கம், நானும் சிரித்திருக்கிறேன்.

மருத்துவர்கள் வாயில் இப்போது 'குடிநோயாளி' புழங்குகிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட விரும்புவோர் அமைப்பின் கூட்டங்களிலோ, குடியை நிறுத்திப் பல ஆண்டானவர்களும் எழுந்து, தம்மைக் குடிநோயாளி என்றே அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்.