ராப் குழுக்கள் (வியட்நாம் போர்)

ராப் குழுக்கள் என்பவை வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் தங்களுக்காகத் தாங்களே தொடங்கிய பேச்சுக் கூட்டங்கள். அன்றைய அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ராப்’ என்றால் மனம்விட்டுப் பேசுவது. 1970இன் இறுதியில், போரை எதிர்த்த வியட்நாம் படைவீரர் அமைப்பின் நியூயார்க் அலுவலகத்தில் இவை தொடங்கின.

மனநல மருத்துவர்களான ராபர்ட் ஜே லிஃப்டனும் ஹைம் ஷட்டானும் வீரர்கள் அழைத்ததால் வந்து உட்கார்ந்தவர்கள். அரசு மருத்துவமனைகளை வீரர்கள் நம்பவில்லை. போருக்கு அனுப்பிய அதே அரசிடம் போய் அழுவதா என்பது அவர்கள் கேள்வி. அதனால் கூட்டத்தில் மருத்துவர், நோயாளி என்ற பிரிவுக்கு இடமில்லை. மருத்துவர்களும் தங்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தூக்கத்தில் அலறல், சிறு ஓசைக்கும் திடுக்கிடல், காரணமில்லாச் சினம், அன்புக்குரியவர்களிடமும் மரத்துப்போன மனம், செத்தவர்கள் நடுவே தான் மட்டும் பிழைத்த குற்றவுணர்வு: ஒருவர் சொன்னதை அடுத்தவரும் சொன்னார். போர்க்களத்தில் தோழனுக்காக அழ நேரம் கிடைப்பதில்லை. அழாத அந்தத் துக்கம் உள்ளேயே இறுகிவிடுகிறது என்று ஷட்டான் விளக்கினார். குழுவின் வலிமையே இங்குதான் இருக்கிறது. ‘உன்மேல் தவறில்லை’ என்று களம் காணாத மருத்துவர் சொல்வது ஆறுதல் மட்டுமே. அதே சேற்றில் நின்றவர் கேட்டுவிட்டு எழுந்துபோகாமல் பக்கத்தில் இருப்பது வேறு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1968ஆம் ஆண்டு நோய்க் கையேட்டில் இந்தத் துன்பத்துக்குத் தனிப்பெயரே இல்லை. ஷட்டான் 1972இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இதை ‘வியட்நாமுக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்று எழுதினார். லிஃப்டன், ஷட்டான் போன்றோரின் விடாமுயற்சியால் 1980ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு’ இடம்பெற்றது.

பிற்கால ஆய்வுகள் குழு சிகிச்சையின் எல்லையையும் காட்டின. வியட்நாம் வீரர்கள் 360 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், போர் நினைவுகளைக் கிளறிப் பேசிய குழுக்களுக்கும் அன்றாடச் சிக்கல்களை மட்டும் பேசிய குழுக்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பணியிலிருந்த படையினர் 268 பேரிடம் நடந்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே சிகிச்சை குழுவில் தருவதைவிடத் தனித்தனியாகத் தந்தபோது நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்தன.

இந்த ஆய்வுகளுக்கு முன்பே, 1979இல் சட்டம் இயற்றி, ராப் குழுக்களின் வழியில் அமெரிக்க அரசே படைவீரர் ஆலோசனை மையங்களைத் திறந்தது. அவை மருத்துவமனை வளாகத்துக்குள் அல்லாமல், ஊருக்குள் கடைத்தெருக் கட்டடங்களில் அமைந்தன. ஆலோசகர்களில் பலரும் முன்னாள் வீரர்கள்.