வேல் முழக்கமும் வானொலி உரிமமும்
1946-இல் ரேடியோ மலாயா தோன்றியபோது நிலையமும் அரசும் ஒன்றே. உரிமம் என்னும் பேச்சுக்கு இடமில்லை. தனியார் வானொலியில் நிலை வேறு.

2025 மார்ச்சில், கோலாலம்பூரின் 'ஏரா' மலாய் வானொலி அறிவிப்பாளர் மூவர், "வேல், வேல்" என்று கூவிக் காவடியாட்டத்தை நையாண்டி செய்தனர். பத்துமலைத் தைப்பூசம் முடிந்து ஒரு திங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அக்காட்சி நிலையத்தின் சமூக ஊடகப் பக்கத்திலேயே வெளிவந்தது. எனினும் அஸ்ட்ரோ நிருவாகம் பேசியவர்களைப் பணியிடை நீக்கம் செய்தது; அவர்களும் மன்னிப்புக் கோரினர்.

பழி அவர்களோடு நிற்கவில்லை. தொடர்பு பல்லூடக ஆணையம், உரிமம் பெற்ற மேஸ்ட்ரா நிறுவனத்தையே வினவிற்று. உரிமத்தை நிறுத்த எண்ணியிருப்பதாக அறிவித்து, விளக்கந்தர 30 நாள் தவணை கொடுத்தது. அவ்வுரிமத்தின்கீழ் மெலடி, மிக்ஸ் நிலையங்களும் இருந்தன. (அங்குப் பேசியோர் செய்த பிழை யாதோ!) முடிவில் உரிமம் தப்பியது, நிறுவனத்தின்மீது 250,000 வெள்ளி தண்டம் விழுந்தது.