ஒரு தகரக் குழாய் எல்லை தாண்டின கதை

டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே ரேஸ் சைலன்சர் செய்யுறவங்க பல ஊர்லயும் இருக்காங்க. அட்டையில் வெட்டிப் பார்த்து, அதே அளவுக்குத் தகட்டை வெட்டி, கூம்பாச் சுருட்டி, வெல்டிங் வைப்பாங்க. நடுவுல வயிறு பெருத்து, ரெண்டு பக்கமும் ஒடுங்கின குழாய். பேரு எக்ஸ்பான்ஷன் சேம்பர். உள்ளே நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனா இதன் சூட்சுமம் நாடு விட்டு நாடு தாவியிருக்கு.

முதல்ல, அது என்ன செய்யுது? டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் வழியும், புது பெட்ரோல் கலவை வரும் வழியும் கொஞ்ச நேரம் ஒண்ணாத் திறந்திருக்கும். அப்போ எரியாத கலவையும் புகையோட வெளியே ஓடிடும். குழாய் விரியுற இடத்திலிருந்து திரும்பும் அலை சிலிண்டரை உறிஞ்சிக் காலி செய்யும். குறுகுற இடத்தில் மோதித் திரும்பும் அலை, ஓடிப்போன கலவையை மறுபடி உள்ளே தள்ளும். போர்ட் மூடுறதுக்குச் சற்று முன்னாடி அது வந்து சேரணும்.

கணக்கு போடுவோம். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லிசெகண்ட். போர்ட் திறந்திருப்பது அதில் பாதி. சூடான புகையில் அலை செகண்டுக்குச் சுமார் 500 மீட்டர் போகும். அப்போ 3 மில்லிசெகண்டில் போக வர ஒன்றரை மீட்டர். குழாய் நீளம் சுமார் 75 செ.மீ. 7,000 ஆர்பிஎம் ஸ்கூட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். அதான் அதை வளைச்சு வளைச்சு அடியில் திணிக்கிறாங்க.

1950-களின் தொடக்கத்தில் டிகேடபிள்யூ ரேஸ் பைக்கில் எரிக் வுல்ஃப் இந்த மாதிரிக் குழாயைப் பயன்படுத்தினார். அதைக் கவனிச்சு, ஆஸிலாஸ்கோப் வச்சு அலையை அளந்து, முறையா வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்ட்டர் காடன். காசு கம்மி, நல்ல உதிரிபாகம் கிடைக்காது. இருந்தும் 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் சுமார் 25 குதிரைத்திறன் கொடுத்துச்சு. லிட்டருக்கு 200!

அந்த வருஷம் அவர் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தை நெருங்கிட்டார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸில் டெக்னரின் இன்ஜின் பாதியில் நின்னுச்சு. ரேஸ் முடிஞ்சதும் அவர் நாடு திரும்பவே இல்லை. அவர் குடும்பம் காருக்குள் ஒளிந்து மேற்குப் பக்கம் வந்துட்டாங்க. பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபில்லிஸுக்குப் போச்சு. டெக்னர், காடனின் உத்திகளோட சுசுகிக்குப் போனார். 1962-ல் 50 சிசி பிரிவில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம். சுசுகா பந்தயத் தளத்தில் ஒரு வளைவுக்கே இன்னிக்கும் டெக்னர்னு பேரு.

திருட்டா, விடுதலையா? சுவருக்குப் பின்னால் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத அப்பாவை என்னால் குறை சொல்ல முடியல. ஆனா காடன் அங்கேயே இருந்தார். எம்இசட் கடைசிவரை ஒரு உலகப் பட்டமும் வாங்கல. அடுத்த தடவை வயிறு பெருத்த சைலன்சரைப் பார்த்தா, அது யார் போட்ட கணக்குன்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.