முழங்காலும் கணுக்காலும்: என்பு நிமிர்த்தற் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவும் கண்டுபிடிப்புகளின் பட்டியலாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் முதலிற் செய்தார், எந்த ஆண்டிற் செய்தார் என்பனவே அங்கு முதன்மை பெறும் வினாக்கள். எத்தகைய உடல்கள் சத்திரசிகிச்சை மேசைக்கு வந்து சேர்ந்தன, அவ்வுடல்களை வளைத்த வாழ்நிலைமைகள் யாவை, உடலின் எப்பகுதி அறிவின் பார்வைக்குட்பட்டது, எது புறக்கணிக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்வினாக்களை மனங்கொண்டு, முழங்கால் மூட்டுவாதத்திற்காகச் செய்யப்படும் என்பு நிமிர்த்தற் சத்திரசிகிச்சையையும், அதனாற் கணுக்காலுக்கு நேரும் விளைவுகளையும் இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

இச்சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், இயல்பான காலில் அது முழங்காலின் நடுவை அண்டிச் செல்லும். கால் வெளிப்புறமாக வில்போல் வளைந்திருப்பின் அக்கோடு முழங்காலின் உட்புறத்துக்கு விலகும். உட்புறக் கசியிழையம் மிகுந்த பாரத்தைத் தாங்கித் தேய்வுறும். எனவே, கணைக்கால் என்பின் மேற்பகுதியை வெட்டி, ஆப்பு வடிவான துண்டொன்றை நீக்கியோ, வெட்டிய இடத்தை ஆப்பு வடிவில் விரித்தோ காலை நிமிர்த்துகின்றனர். பாரம் சிதைவுறாத வெளிப்புறத்துக்கு மாற்றப்படுகின்றது.

2

என்பை வெட்டி நிமிர்த்தும் முறை மூட்டுவாதத்திற்காகத் தோன்றியதன்று. 1826இல், மயக்க மருந்து அறியப்படுவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னர், பிலடெல்பியாவில் ஜோன் றியா பாட்டன் என்பார் இடுப்பு மூட்டு இறுகிப்போன ஒரு மாலுமியின் தொடையென்பை வெட்டினார். அம்முறை பரவலாவதற்கு மயக்க மருந்தும் நுண்ணுயிர்த் தடுப்பும் தேவைப்பட்டன. ஜோசெப் லிஸ்ரர் கிளாஸ்கோ நகரில் தமது தடுப்பு முறையை உருவாக்கி 1867இல் வெளியிட்டார். அவரது மாணவரான வில்லியம் மக்யூவன் அதே நகரில் 1870களிலே தொழிலாளர் குழந்தைகளின் வளைந்த கால்களை என்புவெட்டினால் நிமிர்த்தத் தொடங்கினார். 1880இல் அச்சிகிச்சை பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார்.

ஏன் கிளாஸ்கோ? லிஸ்ரரின் முறை அங்கு கிடைத்தமை ஒரு காரணம் மட்டுமே. கப்பல் கட்டும் துறைகளும் இரும்பாலைகளும் நிறைந்த அந்நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில், புகை மூடிய வானத்தின் கீழ், சூரிய ஒளியும் போதிய ஊட்டமும் இன்றிக் குழந்தைகள் வளர்ந்தன. றிக்கற்சு என்னும் என்பு மென்மை நோய் அங்கு மலிந்திருந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, 1845இல் வெளிவந்த தமது நூலில், ஆலைகளில் நீண்ட நேரம் நின்று உழைத்த ஆங்கிலக் குழந்தைகளின் வளைந்த முழங்கால்களையும் திரிபுற்ற கால்களையும் ஏங்கல்ஸ் தொழிற்சாலை முறையின் விளைவெனச் சுட்டிக்காட்டியிருந்தார். மீன் ஈரலெண்ணெயும் புறஊதா ஒளியும் இந்நோயைத் தீர்க்கவல்லன என்பது 1919ஐ அடுத்த ஆண்டுகளில், மெலன்பி, ஹுல்ட்சின்ஸ்கி முதலியோரின் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. ஆக, உணவினாலும் ஒளியினாலும் தவிர்த்திருக்கக்கூடிய ஊனமொன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு உளியினால் திருத்தப்பட்டது. மக்யூவனின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், சமூகம் வளைத்த காலைத் தனியுடலிற் செய்யும் வெட்டினால் நிமிர்த்துவது என்னும் அணுகுமுறை இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

மூட்டுவாதத்திற்குரிய சிகிச்சையாக இம்முறை நிலைபெற்றது இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னராகும். பிரித்தானியாவில் ஜக்சன் 1958இலும், பின்னர் வோவுடன் இணைந்து 1961இலும் இதனை அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மார்க் கொவென்றி 1965இல் வெளியிட்ட கட்டுரை இதனைப் பரவலாக்கியது. 1970களில் முழுமையான செயற்கை முழங்கால் வளர்ச்சியுற்றதும் என்புவெட்டு பின்தள்ளப்பட்டது. உறுதியான பூட்டுத் தகடுகள் வந்த 2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அது மீண்டும் செல்வாக்குப் பெற்றது.

இச்சிகிச்சை எவருக்கு விதிக்கப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. ஒப்பீட்டளவில் இளையோர், கடும் உழைப்பில் ஈடுபடுவோர், செயற்கை மூட்டை விரைவில் தேய்த்துவிடக் கூடியோர் ஆகியோரே இதற்குத் தகுந்தவர் எனக் கருதப்படுகின்றனர். முழந்தாளிட்டும் குந்தியிருந்தும் பாரம் தூக்கியும் செய்யும் தொழில்கள் முழங்கால் மூட்டுவாதத்துடன் தொடர்புடையன என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. பிரித்தானியாவில், குறிப்பிட்ட நிலத்தடித் தொழில்களில் மொத்தம் 10 ஆண்டுகளாவது உழைத்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் மூட்டுவாதம் 2009இல் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. அச்சுரங்கங்களிற் பெரும்பாலானவை அப்போது மூடப்பட்டிருந்தன. ஆகவே, இங்கு நிமிர்த்தப்படுவது ஒரு மூட்டு மட்டுமன்று. மீண்டும் வேலைத்தலத்துக்கு அனுப்பப்பட வேண்டிய உழைப்புச் சக்தியுமாகும்.

4

இனி, கணுக்காலுக்கு வருவோம். மேற்கூறிய பாரக்கோட்டை வரையும்போது கணுக்கால் தொடக்கம் முதலே கணிப்பில் இடம்பெற்றது. ஆனால் ஒரு புள்ளியாகவே இடம்பெற்றது. அக்கோடு முழங்காலை எவ்விடத்திற் கடக்க வேண்டுமென நுணுகி ஆராய்ந்தனர். உட்புற விளிம்பிலிருந்து அளக்கையில் மூட்டு அகலத்தின் ஏறத்தாழ 62 வீதத்தில் அது கடத்தல் நன்று என்னும் வழக்கு, 1979இல் ஆய்வு வெளியிட்ட யப்பானியரான புஜிசாவாவின் பெயரால் நிலைபெற்றது. கோடு முடியும் இடத்திலும் ஓர் உயிருள்ள மூட்டு உண்டு, அதற்கும் சாய்வும் பாரமும் உண்டு என்பது நெடுங்காலம் பின்னணியிலேயே இருந்தது. 2010 ஆம் ஆண்டை அடுத்தே தென்கொரியா முதலிய நாடுகளின் ஆய்வாளர் இதனை விரிவாக ஆராயலாயினர்.

அவர்களின் முடிவுகளைச் சுருங்கக் கூறலாம். முழங்கால் வெளிவளைந்தவரிடத்தே கணைக்கால் சாய்ந்து நிற்பதாற் கணுக்கால் மூட்டும் நிலத்துக்குச் சமாந்தரமாகாது சாய்கின்றது. பாதம் நிலத்திற் படிவதற்காகக் கணுக்காலின் கீழுள்ள மூட்டு ஈடுசெய்கின்றது. குதி வெளிப்புறமாகத் திரும்புகின்றது. முழங்காலின் குறையைக் குதி பல ஆண்டுகளாகச் சுமக்கின்றது எனலாம். காலை நிமிர்த்தியதும் கணுக்காலின் சாய்வு குறைகின்றது. ஈடுசெய்யும் தேவை நீங்கிக் குதியும் நடுநிலையை நோக்கித் திரும்புகின்றது. பெரும்பாலானோருக்கு இது நன்மையே.

ஆனால் எல்லோருக்கும் அவ்வாறன்று. கீழுள்ள மூட்டு இறுகியிருப்பின், பழைய வளைவுக்குப் பழகிய குதி புதிய நிலைக்கு இசைய மாட்டாது. கணுக்காலில் ஏலவே தேய்வு இருப்பினும், முழங்கால் அளவுக்கு மீறி நிமிர்த்தப்படினும், பாரம் கணுக்காலின் பொருந்தாத பகுதியிற் குவியலாம். முழங்கால் நோவு தணிந்த ஒருவருக்குக் கணுக்கால் நோவு புதிதாகத் தோன்றுவது இவ்வாறே. கணுக்கால் மூட்டுவாதம் பெரும்பாலும் பழைய முறிவு, சுளுக்கு முதலிய காயங்களின் பின்விளைவாகவே தோன்றுவது. எனவே உழைப்பிற் காயமுற்ற கால்களுக்கே இவ்வாபத்து கூடுதலானது எனக் கருத இடமுண்டு.

5

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து நோக்குவதால் மருத்துவம் பெரும் முன்னேற்றம் கண்டது. அதனை மறுப்பது பழமைவாதமாகும். ஆயின், பகுதியிற் செய்யப்படும் மாற்றம் முழுமையின் உறவுகளையும் மாற்றுகின்றது என்னும் இயங்கியல் உண்மையை அப்பிரிவினை மறைத்தும் விடுகின்றது. முழங்காலுக்கு ஒரு நிபுணரும் பாதத்துக்கு வேறொரு நிபுணரும் எனத் தொழிற்பிரிவு ஏற்பட்டவிடத்து, இரண்டுக்குமிடையிலான உறவு எவருக்கும் உரியதாகாது போயிற்று.

இதிலிருந்து நடைமுறைப் பயனும் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளியை நிற்கவைத்து, இடுப்பு முதற் பாதம் வரை கதிர்ப்படம் எடுத்தலும், குதியின் அசைவைக் கையாற் சோதித்தலும், முன்னைய கணுக்காற் காயங்களை வினவுதலும் பெருஞ்செலவு வேண்டாதவை. இவற்றோடு, அவர் என்ன தொழில் செய்கின்றார், எந்நிலையில் எத்தனை மணிநேரம் உழைக்கின்றார், குணமடைந்தபின் எவ்வேலைக்குத் திரும்ப நேரும் என்னும் வினாக்களும் கேட்கப்பட வேண்டும். இவ்வினாக்கள் மருத்துவத்திற்குப் புறம்பானவை அல்ல. அவை இன்றிச் செய்யப்படும் நிமிர்த்தல், நோவை ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்கு இடம்பெயர்ப்பதாகவே முடியக்கூடும்.