இஷ்டு

இஷ்டு என்பது காய்களையோ இறைச்சியையோ தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்யும், காரம் குறைந்த வெள்ளைக் குழம்பு. கேரளம் முழுவதும் வழக்கில் உள்ளது. திருவனந்தபுரத்தில் ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் துணையாக உண்ணப்படுகிறது. சிரியன் கிறித்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலை உணவில் ஆப்பமும் இஷ்டுவும் சிறப்பிடம் பெறும். சைவ இஷ்டுவுக்கு உருளைக்கிழங்கே அடிப்படை. காரட், பீன்ஸ், பட்டாணி, காலிஃபிளவர் ஆகியவற்றையும் சேர்ப்பதுண்டு.

பெயர்

‘ஸ்டியூ’ என்னும் ஆங்கிலச் சொல்லே மலையாள நாவில் ‘இஷ்டு’ ஆயிற்று. ஆண்டிஸ் மலைப்பகுதியில் தோன்றிய உருளைக்கிழங்கும் மத்தியதரைக் கடற்கரைப் பயிரான காலிஃபிளவரும் ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்தவை. பெயரும் காயும் வெளியிலிருந்து வந்திருந்தாலும், தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் இதை முழுக்கக் கேரள உணவாக்கிவிட்டன.

காய்கள்

உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் இரண்டுமே குளிர் விரும்பும் பயிர்கள். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, காந்தளூர் மலைச்சரிவுகள் இவ்வகைக் காய்களுக்குப் பெயர்பெற்றவை. தமிழ்நாட்டுக் காய்களும் திருவனந்தபுரத்துக்குப் பெருமளவில் வருகின்றன. ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர் அறிந்த சாலைக் கடைத்தெரு, நகரின் பழைய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. வெப்பம் தாங்கும் ரகங்கள் வந்தபின், அக்டோபர், நவம்பர் மாதங்களில் நட்டுச் சமவெளியிலும் காலிஃபிளவர் விளைவிக்கிறார்கள்.

செய்முறை

நான்கு பேருக்கு உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் தலா 250 கிராம், பெரிய வெங்காயம் 1, பச்சைமிளகாய் 4, ஓர் அங்குல இஞ்சி, தேங்காய் 1 போதும். பூவை உதிர்த்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டால் உள்ளிருக்கும் புழுக்கள் வெளியேறும். தேங்காயில் கெட்டியான முதல் பாலைத் தனியே எடுத்துவைத்து, பிறகு நீர்த்த இரண்டாம் பால் எடுக்க வேண்டும்.

தேங்காயெண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், நசுக்கிய மிளகு தாளித்து, வெங்காயம், இஞ்சி, மிளகாயை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டாம் பாலில் உருளைக்கிழங்கை வேகவிடுவார்கள். அது பாதி வெந்ததும் காலிஃபிளவர் சேரும். முன்னதாகப் போட்டால் பூ குழைந்து, அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வாடை எழும். வெந்த கிழங்கில் இரண்டொன்றை மசித்துவிட்டால், அதன் மாவுச்சத்தே குழம்பைக் கெட்டியாக்கும். வெண்ணிறம் கெடாதிருக்க மஞ்சளும் மிளகாய்த்தூளும் குழம்பில் சேர்ப்பதில்லை.

கடைசியாக முதல் பாலை ஊற்றி, சூடேறியதும் கொதிக்கும் முன் இறக்க வேண்டும். நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் காப்பது தேங்காய்ப் புரதம். கடும் வெப்பத்தில் அது உறைந்துவிடுவதால் பால் திரிந்துபோகும். இறக்கியபின் கறிவேப்பிலையும் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயும் சேர்த்து மூடிவைத்தால் மணம் அடங்கியிருக்கும்.

சொதி

இஷ்டுவுக்கு நெருங்கிய தமிழ் உணவு, திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் பரிமாறும் சொதி. அதிலும் உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் உண்டு. ஆனால் பாசிப்பருப்பு சேரும். எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். சோற்றில் ஊற்றி இஞ்சிப் பச்சடியோடு உண்பார்கள். இலங்கைத் தமிழரின் சொதி இன்னும் நீர்த்தது, மஞ்சள் கலந்தது, இடியாப்பத்துக்குரியது. மூன்றும் மசாலாவின் காரத்தை நம்பாமல் பாலின் இனிமையை நம்பிச் சமைப்பவை. கைக்குழந்தை பருப்புச்சோற்றைத் தாண்டி உண்ணத் தொடங்கும்போதும், காய்ச்சல் விட்டவருக்கு வாய்க்கு ருசி திரும்பும்போதும் வீடுகள் இவற்றை நாடுவது அதனால்தான்.